ஜீன் கிரே மீண்டிருக்கக் கூடாது

ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் தொடங்கிய 'எக்ஸ்-மென்' காமிக்ஸ் இதழ், விற்பனை சரிந்ததால் 1970 முதல் சில ஆண்டுகள் பழைய கதைகளின் மறுபதிப்பாகவே வந்துகொண்டிருந்தது. 1975இல் லென் வெய்னும் டேவ் காக்ரமும் பல நாட்டு நாயகர்களைச் சேர்த்து அதற்குப் புத்துயிர் கொடுத்தார்கள். அதே ஆண்டில் எழுத்துப் பொறுப்பேற்ற கிறிஸ் கிளேர்மான்ட் 1991 வரை அதைக் கைவிடவில்லை.

ஒரே எழுத்தாளர் இவ்வளவு காலம் நீடித்ததன் பலன் பாத்திரங்களில் தெரிகிறது. சண்டை ஓய்ந்த பிறகும் அவர்களுக்கு வாழ்க்கை இருந்தது; கோபதாபம், காதல், பயம் எல்லாம் இதழுக்கு இதழ் வளர்ந்தன. பெண்கள் நாயகனின் நிழலில் நிற்கவில்லை. ஸ்டார்ம் அணித்தலைவியாகவே உயர்ந்தாள்.

கிளேர்மான்டிடம் குறையும் உண்டு. ஓவியர் ஜான் பைர்ன் முகத்திலேயே வரைந்துவிட்ட துயரத்தை, மேலே ஒரு பத்தி எழுதி மீண்டும் விளக்குவார். புதிய வாசகருக்காக ஒவ்வொரு மாதமும் இவர் யார், சக்தி என்ன என்று சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் மொத்தமாகப் படிக்கும்போது சலிப்பு தட்டுகிறது.

ஆனால் 1980இல் வந்த 137ஆம் இதழோடு முடியும் கதைக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஃபீனிக்ஸ் என்னும் சக்தியின் வெறியில் அணி நாயகி ஜீன் கிரே ஒரு விண்மீனை விழுங்க, அதைச் சுற்றிய உலகில் வாழ்ந்த 500 கோடிப் பேர் அழிகிறார்கள். சக்தியை மட்டும் பறித்து அவளை உயிரோடு விடுவதாகத்தான் முதலில் முடித்திருந்தார்கள். அந்தக் குற்றத்துக்கு அது போதாது என்றார் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர். முடிவு மாறியது: நிலவில், காதலன் ஸ்காட்டின் கண்ணெதிரே, ஜீன் தன்னையே அழித்துக்கொள்கிறாள். மேலிடத்துத் தலையீடு கதையைக் கெடுக்கும் என்பார்கள். இங்கே அதுதான் கதைக்கு அறத்தைக் கொடுத்தது.

தொடக்க அணியின் ஐவரை ஒன்றுசேர்த்துப் புதிய இதழ் விற்பதற்காக 1986இல் இதழை வெளியிட்ட அதே நிறுவனம் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. செத்தது ஜீன் அல்ல, அவள் உருவை எடுத்திருந்த ஃபீனிக்ஸாம்; உண்மையான ஜீன் கடலடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாளாம்! அவளைத் தேடி ஸ்காட் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் போகிறான். பழியும் தியாகமும் அவளுடையவை அல்ல என்றாகிவிட்டன. அதன்பின் இந்த இதழ்களில் யார் இறந்தாலும் வாசகர் பதறுவதில்லை, திரும்பும் நாளுக்குக் காத்திருக்கிறார்.

புதிதாகப் படிக்க வருபவர்கள் 94ஆம் இதழில் தொடங்குங்கள். 137ஐ முடித்ததும், ஜீன் இறந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.