கைபேசிக்குள் சோழ நாடு

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. 1879இல் இறந்தவர், புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். இலங்கைக்குக் குடிபெயர்ந்த காலத்தை ஒட்டி, 1874–75இல், டென்னிசனின் ஆர்தர் மன்னர் கதைப்பாடல்களுக்காக அவர் எடுத்த படங்கள் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. இடைக்கால இங்கிலாந்தைக் கமராவுக்கு முன்னால் நிறுத்திக் காட்டும் முயற்சி அது. கணவர் சார்ள்ஸ் ஹே கேமரன் மந்திரவாதி மெர்லினாக நின்றார். படகுத்துறையில் சுமை தூக்கிய ஒருவர் ஆர்தர் மன்னராக வேடம் கட்டினார். படங்கள் அழகானவை. ஆனால் அவற்றில் ஆறாம் நூற்றாண்டும் இல்லை, பன்னிரண்டாம் நூற்றாண்டும் இல்லை; தன் முன்னோரை எப்படிப் பார்க்க விரும்பியது விக்டோரியா கால இங்கிலாந்து என்பதே இருக்கிறது.

அதே ஊரில் இன்று இடைக்காலம் யூடியூப்பில் வருகிறது. இராச் சாப்பாடு முடிந்த பிறகு தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் ஒரு கைபேசியைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து இராசராசனின் கப்பற்படையைப் பார்க்கிறார்கள். 2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டு பாகங்களும் வந்த பிறகு வட்ஸ்அப் குழுக்களில் இந்த வரத்து கூடிவிட்டது. பத்து நிமிடக் காணொளியும் உண்டு, ஒன்றரை மணிநேரச் சொற்பொழிவும் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சிறியதல்ல. நமது பள்ளி வரலாற்று நூலில் சோழர் படையெடுத்து நுழைகிறார்கள், 1070இல் முதலாம் விஜயபாகுவால் விரட்டப்பட்டு வெளியேறுகிறார்கள். இடையில் அவர்கள் என்ன கட்டினார்கள், யாரோடு வணிகம் செய்தார்கள் என்று கேட்கும் பிள்ளைக்குப் பாடவேளை முடிந்துவிடும். பொலன்னறுவையில் முழுக்கக் கல்லால் எழுந்த வானவன்மாதேவி ஈசுவரத்தை நேரில் போய்ப் பார்க்க ஒரு குடும்பம் வேன் பிடித்தால் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். காணொளி அந்தக் கோயிலின் சுவர் எழுத்துவரை கொண்டுவந்து காட்டுகிறது. கேட்டுப் படிப்பதும் தோட்டத்துக்குப் புதிது இல்லை. காமன் கூத்தையும் அர்ச்சுனன் தபசையும் விடிய விடியப் பார்த்து வளர்ந்த சனம் இது. பொன்னர் சங்கரும் இங்கே ஆடப்படுகிறது. அதுவே கொங்குநாட்டுப் பழைய சண்டைகளின் கதைதான்.

ஆனால் கூத்தில் ஒரு காவல் இருந்தது. கதை எல்லாருக்கும் தெரியும். ஆடுகிறவர் ஒரு கட்டத்தை விட்டால் முன்வரிசையில் சால்வை போர்த்தியிருக்கும் பெரியவர் அங்கேயே சத்தம் போடுவார். காணொளியில் அந்தப் பெரியவர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு குரல் உறுதியாகச் சொல்கிறது; வெயிலில் ஒருதரம் போய் நின்றாலே பொய் என்று தெரிந்துவிடும் செய்தி அது. இங்கிருந்து தஞ்சாவூருக்குப் போய் நிற்க எத்தனை பேரால் முடியும்? இப்போது கணினியே வரைந்து தரும் இராசராசன்கள் வேறு வந்துவிட்டார்கள், தேகப்பயிற்சிக் கூடத்து மார்போடு. பெரிய கோயில் ஓவியத்தில் இருப்பது அவர்தானா என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒரே கருத்து இல்லை.

இந்தத் தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: கமரா எப்போதும் யானை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிறவரும் அம்பாரியில் ஏறிக்கொள்கிறார். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளில் வரிச் சொற்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘வெட்டி’ அடிக்கடி வருவதைக் காட்டினார்கள். தஞ்சைக் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் இறை நீக்கிய நிலங்களைச் சொல்லும் அதே இராசராசன் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பெயரோடு நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்காக இந்த மலைக்கு ஏற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுடைய முப்பாட்டன்களைச் சோழ நாட்டில் தேட வேண்டிய இடம் யானை மேல் இல்லை என்று பிள்ளைகளிடம் யார் சொல்வது?

இந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கி, 2023இல் மலைக்கு வந்து இருநூறு ஆண்டு என்று கணக்குப் போட்டு நடைபயணம் போன சமூகத்துக்கு ‘ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே நம்ம ஆளுங்க இங்க வந்தாச்சு’ என்ற வார்த்தை மருந்துபோல இருக்கும். வலி அடங்குகிறது. ஆனால் இருநூறு ஆண்டுக் கதை அதனால் சுருங்கிப்போகிறது.

பக்கத்தில் இருப்பதும் கண்ணில் படாமல் போகிறது. கினிகத்தேனைப் பக்கம் அம்பகமுவவில் முதலாம் விஜயபாகுவின் சிங்களப் பாறைக் கல்வெட்டு ஒன்று உண்டு. சிவனொளிபாதமலைக்கு அந்த மன்னன் செய்த கொடைகளைச் சொல்வது. பொகவந்தலாவை நெடுங்காலம் அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருந்த ஊர். பத்திரம் பதியப் போனவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் பழக்கம். மலை உச்சியின் திருவடி மேடைக்குக் கீழே, தாழ்ந்த சாதியார் நின்று வணங்குவதற்கென்று இன்னொரு மேடை அமைத்ததாகவும் அக்கல்வெட்டு சொல்கிறது. தீண்டாச்சேரி சோழனுக்கு மட்டும் சொந்தமில்லை என்று புரிய இந்த ஒரு கல் போதும். எனக்கு வந்து சேர்ந்த காணொளிகளில் இது ஒருமுறைகூட வரவில்லை.

விஜயபாகு சோழரை விரட்டியவன் என்று தமிழரும் சிங்களவரும் சொல்வார்கள். அவன் இறந்த பிறகு பொலன்னறுவையில் புத்தரின் தந்தத்தாதுக் கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் தமிழில் கல்வெட்டு பொறித்தார்கள். இரண்டு கொடிகளுக்கு நடுவே கதை சொல்லும் காணொளிக்கு இந்தப் படையை எந்தப் பக்கம் நிறுத்துவதென்று தெரியாது, அதனால் விட்டுவிடுகிறது. 1344இல் இபன் பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து இதே சிவனொளிபாதமலைக்கு வந்த கதை மட்டும் சில காணொளிகளில் உண்டு. முத்தும் பாரசீக மொழிப் பேச்சும் அவற்றில் வருகின்றன. பல்லக்கைத் தூக்கிய அடிமைகளும், உணவுப் பொருள் சுமந்து கூடவே ஏறிய 15 பேரும் வருவதில்லை. பயணி தன் நூலில் அவர்களை மறக்காமல் எண்ணிச் சொல்லியிருக்கிறார். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு மலை ஏறுகிறவர்களுக்குக் காட்டும் காணொளியில் அந்த 15 பேரை வெட்டுவது என்ன நியாயம்?

நீண்ட சொற்பொழிவுகள் இந்த இடத்தில் மேல். சென்னைத் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டங்கள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலக உரைகள் போன்றவற்றில் நல்ல பேச்சாளர் கல்வெட்டின் படத்தைத் திரையில் போட்டு வரி வரியாக வாசிப்பார். எழுத்து சிதைந்த இடம் வந்தால் நின்று, இது என் ஊகம் என்பார். அந்த நிறுத்தம்தான் வரலாற்றுப் பாடம். ஒன்றரை மணிநேரம் ஓட டேட்டா வேண்டும், மூட்டமான நாளில் சிக்னலும் வேண்டும் என்பது நடைமுறைச் சிக்கல். உள்ளடக்கத்திலும் குறை உண்டு. தஞ்சாவூரில் நின்று பார்த்தால் ஈழம் மெய்க்கீர்த்தியில் வரும் ஒரு வெற்றிப் பெயர்தான். அதற்கு மாற்றாக, 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டத்தில் ஈழத்து ஆய்வாளர்களின் நூல்களைக் காசில்லாமல் வாசிக்கலாம். பேராசிரியர் சி. பத்மநாதனின் ‘இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்’ போன்ற நூல்களை வைத்துக்கொண்டு உயர்தர மாணவர்கள் ஒரு காணொளியைச் சரிபார்த்தால், கூத்து மேடையின் முன்வரிசைப் பெரியவர் திரும்பி வந்துவிடுவார்.

நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. சென்னையில் கேட்பவருக்கு அது பெரும்பாலும் இல்லை. பொகவந்தலாவைக் கடைத்தெருவில் வளரும் பிள்ளைக்குச் சிங்களம் விளங்கும். 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சோழரால் சிறைபிடிக்கப்பட்டதைத் தமிழ்ச் சொற்பொழிவு ஒன்றிலும் சிங்களச் சொற்பொழிவு ஒன்றிலும் ஒரே மாலையில் அவளால் கேட்க முடியும். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஈழத்து மன்னனின் முடியையும் தேவியரின் முடியையும் கவர்ந்ததைப் பெருமையாக அடுக்குகிறது. சூளவம்சம் அரசியும் மணிமுடியும் நகைகளும் பறிபோனதைத் துயரமாக அடுக்குகிறது. இரண்டு பட்டியலும் பெருமளவு ஒத்துப்போகின்றன. ஒன்று மற்றதைப் பொய் என்று சொல்லவில்லை. மன்னர் வீட்டுப் பொருள்களைத் தவிர வேறெதையும் இரண்டும் அவ்வளவு கவனமாக எண்ணவும் இல்லை.