0.9 என்ற எண்ணின் பலமும் ஓட்டையும்

1980-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனின் குழு, சில எளிய ஆணைகளோடு நிறுத்திக்கொள்ளும் ரிஸ்க்-1 சில்லை உருவாக்கியபோது, அதை எடைபோட ஒரு புது அளவுகோலையும் கொண்டுவந்தது. ஒரு வேலையைக் கைப்பட அசெம்ப்ளியில் எழுதினால் ஆகும் நேரத்தை, அதையே சி மொழியில் எழுதிக் கம்பைலர் வழியே ஓட்டினால் ஆகும் நேரத்தால் வகுக்க வேண்டும். விடை 1-ஐ நெருங்கினால் உயர்நிலை மொழியில் எழுதுகிறவருக்கு இழப்பு குறைவு. ரிஸ்க்-1 சுமார் 0.9 வாங்கியது, சிக்கலான ஆணைகள் நிறைந்த வாக்ஸ் 11/780 கணினி பாதியைக்கூட எட்டவில்லை. இந்த அளவுகோல் கேட்பது சரியான கேள்விதான். யூனிக்ஸே சி மொழிக்கு மாறிவிட்ட காலத்தில், யாரும் எழுதாத அசெம்ப்ளியின் வேகத்தை வைத்துச் சில்லை மெச்சுவதில் அர்த்தமில்லை. தொகுதி, பகுதி இரண்டும் ஒரே இயந்திரத்தில் ஓடுவதால் கடிகார வேகம் அடிபட்டுப்போகிறது; பல்கலைக்கழகச் சில்லையும் பெரிய நிறுவனத்தின் இயந்திரத்தையும் அருகருகே நிறுத்த முடிகிறது.

அந்த வசதியிலேயே ஓட்டையும் இருக்கிறது. இந்த விகிதம் வேகத்தைச் சொல்லாது. ரிஸ்க்-1இல் பெருக்கல் ஆணை கிடையாது. கம்பைலரானாலும் கைதேர்ந்தவரானாலும் கூட்டியும் பிட்டுகளை நகர்த்தியும்தான் பெருக்கியாக வேண்டும். இருவரும் ஒன்றுபோல மெதுவாகப் போனால் விகிதம் உயர்ந்தே நிற்கும். வாக்ஸிலோ எழுத்துச்சரங்களுக்கென்றே ஆணைகள் உண்டு. அவற்றைத் தெரிந்தவர் எடுத்தாண்டு, கம்பைலர் தொடாமல் விட்டால், மதிப்பெண் சரிவது வாக்ஸுக்கு. கம்பைலர் பயன்படுத்தாத ஆணை எதற்கு என்று ரிஸ்க் தரப்பு கேட்கும், நியாயம்தான். ஆனால் கம்பைலர் அடுத்த ஆண்டே தேறலாம். அந்த ஆண்டுக் கம்பைலரின் தரத்தைச் சில்லின் குணமாக அச்சிடுவது எப்படிச் சரியாகும்?

சோதனை நிரல்களைப் பார்த்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. அக்கர்மான், ஹனோய் கோபுரம் போன்றவை தம்மைத் தாமே ஓயாமல் அழைத்துக்கொள்பவை. ரிஸ்க்-1இல் ஒவ்வொரு அழைப்புக்கும் ரெஜிஸ்டர் சாளரம் நகர்ந்து புது ரெஜிஸ்டர்கள் கிடைக்கும். பழையவற்றை நினைவகத்தில் கொட்டிவைக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். 1985இல் கார்னகி மெலனில் ராபர்ட் கோல்வெல் குழு கேட்டது இதைத்தான்: பெருமை எளிமைக்கா, சாளரத்துக்கா? வாக்ஸ் கணினி, 68000 சில்லு ஆகியவற்றின் வடிவமைப்புகளிலும் இத்தகைய ரெஜிஸ்டர் தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அவற்றிலும் நினைவகப் போக்குவரத்து குறைந்தது. ரிஸ்க்-1இன் கட்டுப்பாட்டுப் பகுதி சில்லின் பரப்பில் சுமார் 6 விழுக்காட்டில் அடங்கியதால்தான் சாளரங்களுக்கு இடம் கிடைத்தது என்பது பெர்க்லியின் பதில். அதைத் தள்ள முடியாது. ஆனாலும் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸியின் மிப்ஸ் சில்லு சாளரமே இல்லாமல், கம்பைலரை நம்பி எளிமையை நாடியது. இந்த இரு வழிகளில் எது எவ்வளவு ஈட்டியது என்று அறிய, சாளரத்தோடும் சாளரமின்றியும் ஒரே நிரலை, ஒரே தரக் கம்பைலரில் ஓட்டி, விநாடிக் கணக்கையே வெளியிட வேண்டும்.