ஊரும் பட்டினமும்: சங்கச் செய்யுட்களில் வாழிட விருப்பம்

நகர வாழ்வு சிறந்ததா, நாட்டுப்புற வாழ்வு சிறந்ததா என்னும் வினா பட்டிமண்டபங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அஃது ஆங்கே நின்றிருப்பின் இவ்விதழில் அதனை எடுத்துப் பேச வேண்டுவதில்லை. இலக்கியத் திறனாய்விலும் அது புகுந்துவிட்டது. சங்கப் புலவர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தவர், ஆதலின் அவர்தம் உள்ளம் சிற்றூரையே விழைந்தது, பட்டினங்களை அவர் பாடியது புரவலர் பொருட்டேயாம் என்பர் ஒருசாரார். பத்துப்பாட்டுள் மதுரையும் புகாரும் பெற்றுள்ள இடத்தைச் சுட்டிப் பழந்தமிழர் வாழ்வு நகர வாழ்வே என்று நிறுவ முயல்வர் மற்றொரு சாரார். கீழடி அகழாய்வின் முடிபுகள் வெளிவந்த பின்னர் இவர்தம் குரல் ஓங்கியுள்ளது. இவ்விரு கொள்கைகளும் ஒரே பிழையினின்று தோன்றியவை என்பது எம் கருத்து. ஒரு செய்யுளில் வாழிடம் பற்றி வரும் கூற்று எவர் வாயிற் பிறந்தது, எவரை நோக்கிப் பிறந்தது, எதன்பொருட்டுப் பிறந்தது என்னும் மூன்றையும் களைந்துவிட்டு, எஞ்சியதைப் புலவரின் கொள்கை எனக் கொள்வதே அப்பிழை.

முதற்கண் பட்டினப்பாலையைக் காண்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய இப்பாட்டு 301 அடிகளை உடையது. காவிரியின் வளத்தில் தொடங்கிப் புகாரின் ஆவணமும் கொடியும் துறைமுகமும் பல மொழி பேசும் மாந்தரும் ஆக, ஏறத்தாழ 217 அடிகள் பட்டினத்தின் சிறப்புக்கே உரியன. அதன்பின் இரண்டு மூன்று அடிகளில், அத்தகைய பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறிவிடுகின்றான். நகரின் சிறப்பையே பாட்டின் பொருளாகக் கொள்வோர் இவ்வடிகளை விரைந்து கடந்துவிடுகின்றனர். சிற்றூர்க் கொள்கையினரோ இவற்றையே பிடித்துக்கொண்டு, நகரம் துறக்கப்பட்டது என்கின்றனர். துறக்கப்பட்டது நகரன்று. அதனைப் பெறுதற்பொருட்டு நேரும் பிரிவே துறக்கப்பட்டது. துலாக்கோலின் ஒரு தட்டில் புகார் நிற்கின்றது. மறு தட்டில் நிற்பவள் ஒரு பெண்ணே; அங்கே சிற்றூர் எதுவும் இல்லை. மற்றும், எதிர்த் தட்டில் வைக்கும் பொருள் எளியதாயின் அவளுடைய எடை எங்ஙனம் புலப்படும்? புலவர் பட்டினத்தை 217 அடிகளில் உயர்த்தியமைக்குக் காரணம் இதுவே. இப்பாட்டிற்குக் கரிகாலன் பதினாறு நூறாயிரம் பொன் வழங்கினான் என்று கலிங்கத்துப்பரணி கூறும். தன் பட்டினத்தை ஒருத்தியினும் எளிதாக்கிய பாட்டிற்கு அவ்வளவு பொன் வழங்கினான் எனின், அவன் அதனை நகர்ப் பழிப்பாகக் கொள்ளவில்லை என்பது தெளிவு.

பட்டினம் என்னும் சொல்லால் நாம் இன்று உணர்வது ஒன்று. அப்பாட்டுக் காட்டுவது பிறிதொன்று. கருப்பஞ்சாறு காய்ச்சும் ஆலைப் புகையால் அருகிலுள்ள வயலின் நெய்தற்பூ வாடுவதும், நெற்கூட்டின் நிழலில் எருமைக் கன்று உறங்குவதும் அதன் தொடக்கத்திலேயே வருகின்றன. வீட்டு முற்றத்தில் உலரும் உணவைக் கோழி கவர வர, மகளிர் தம் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை கிடந்து சிறுவர் உருட்டும் முச்சக்கரச் சிறுதேரைத் தடுக்கின்றது. இக்காட்சியைச் செல்வச் செழிப்பிற்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். யாம் நோக்குவது குழையை அன்று, கோழியை. புகாரின் பாக்கத்தில் உணவு முற்றத்தில் உலர்கின்றது, கோழி மேய்கின்றது, பெண்டிர் காவல் இருக்கின்றனர். இதனை நகரக் காட்சி என்பதா, சிற்றூர்க் காட்சி என்பதா?

அவ்வடியில் முற்றத்தையுடைய வீட்டைக் குறிக்க வந்துள்ள சொல் ‘நகர்’ என்பதே. சங்கச் செய்யுட்களில் இச்சொல் பெரும்பாலும் இல்லத்தையும் மாளிகையையும் கோயிலையும் குறித்து நிற்கும். இன்று நாம் கருதும் பேரூரை அன்று. இதனை மனங்கொள்ளாது, நகர் என்னும் சொல் வருமிடங்களை எண்ணி நகர வாழ்விற்குச் சான்று திரட்டுவோர் உளர். ‘நாகரிகம்’ என்னும் சொல்லுக்கும் அதே நிலை நேர்ந்துள்ளது. நகரத்து வாழ்வின் திருத்தமே நாகரிகம் என்று பள்ளி நூல்கள் கூறும். திருக்குறளில் அச்சொல் வருமிடம் கண்ணோட்டம் என்னும் அதிகாரம். பரிமேலழகரும் அதற்குக் கண்ணோட்டம் என்றே பொருள் கண்டார். நற்றிணையின் 355-ஆம் பாட்டும் இதற்குத் துணை நிற்கின்றது. முன்னிருந்து நண்பர் தருவது நஞ்சேயாயினும் மறாது உண்பவரே நாகரிகர் என்பது அதன் கருத்து. அப்பாட்டுக் குறிஞ்சித் திணைக்குரியது. வாழையும் காந்தளும் மந்தியும் உள்ள மலைநாட்டுத் தலைவனிடம் தோழி அக்குணத்தை எதிர்பார்க்கின்றாள். சுற்றிலும் நகரம் ஏதும் இல்லாத ஓரிடத்தில், நகரத்தோடு தொடர்பின்றி அச்சொல் ஆளப்பட்டுள்ளது.

இனி, இவ்வாய்வுக்கு உயிர்நிலையாக யாம் கருதும் பாட்டு நற்றிணை 45. நெடுங்கொடி அசையும் கடைத்தெருவை உடைய மூதூரில், விரைந்த தேர்களை உடைய செல்வன் ஒருவனுக்கு அருமை மகன் தலைவன். கடற்கரைச் சோலையை அடுத்த சிறுகுடியில் வாழும் பரதவர் மகள் தலைவி. தலைவன் குறையிரந்து நிற்கின்றான். யாமோ சுறாவை அறுத்துக் காயவைத்த துண்டங்களைக் காக்கப் பறவை ஓட்டுபவர், எம்மேல் புலால் நாறும், அப்பால் நில் என்கின்றாள் தோழி. கடல் தரும் சிறு விளைவைக் கொண்டு வாழும் எம் வாழ்வு நும் வாழ்வை ஒப்பதன்று, எம்மவருள்ளும் செம்மல் உளர் என்று முடிக்கின்றாள்.

புகாரின் முற்றத்துக் காட்சியை இதனோடு ஒருங்கு வைத்துப் பார்க்க. அங்கும் இங்கும் பெண்டிர் உலரும் உணவைப் பறவையினின்று காக்கின்றனர். செயல் ஒன்றே, எறிபொருளே வேறு. பட்டினத்துப் பெண்ணுக்கும் சிறுகுடிப் பெண்ணுக்கும் உள்ள தொலைவு இடத்தின் தொலைவன்று என்பதை இவ்வொப்புமை காட்டுகின்றது. அது பொற்குழை உடைமைக்கும் இன்மைக்கும் இடைப்பட்ட தொலைவு.

இப்பாட்டைச் சிற்றூரின் பெருமித முழக்கமாகக் கொள்வாரை யாம் கண்டுள்ளோம். அவர் துறையை மறந்தனர். இது தலைவனைத் தோழி சேட்படுத்தும் கூற்று. அவன் அகன்று போதல் அவள் விருப்பமன்று; மீண்டும் வருதலும் வரைந்துகொள்ளுதலுமே அவள் வேண்டுவன. பட்டினமே தீது என்று அவன் நம்பித் தேரைத் திருப்பிச் சென்றானாயின் அவள் சூழ்ச்சி கெடும். ஆயினும், சேட்படைதானே என்று இதனை வெறும் உத்தியாகத் தள்ளுதலும் தகாது. அவள் எடுத்த படைக்கலம் புலால் நாற்றம். ஊரார் தம்மை எள்ளுதற்குரிய சொல்லைத் தானே முந்திச் சொல்லிவிடுகின்றாள். தம் வாழ்வின் சிறுமையையும் மறைக்கவில்லை. விளைவு சிறிது என்றே ஒப்புகின்றாள். காற்று நல்லது, கடல் அழகியது என்றெல்லாம் அவள் வாதிடவில்லை. அவ்வாறு வாதிடுதல் நாம் செய்யும் வேலை. தன் சிறுகுடியின் பொருட்டு அவள் இறுதியாக முன்வைப்பது அங்குள்ள மாந்தரை.

ஐங்குறுநூற்றின் 203-ஆம் பாட்டில் கபிலர் காட்டும் தலைவியும் இத்தகையள். தலைவனோடு சென்று மீண்டவள், தன் தோட்டத்துத் தேன் கலந்த பாலினும், அவன் நாட்டில் தழை மூடிய பள்ளத்தில் மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீரே இனிது என்கின்றாள். இந்நீரை மலைநாட்டின் தூய்மைக்குச் சான்றாகக் காட்டிய கட்டுரை ஒன்றை யாம் படித்ததுண்டு. கலங்கல் என்று அவளே கூறியிருக்கத் தூய்மை எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை.

இவ்வகைப் படிப்பு நமக்கு எங்ஙனம் வந்தது? ஆங்கிலக் கல்வியின் வழி வந்தது என்பதில் ஐயமில்லை. கோல்ட்ஸ்மித் கைவிடப்பட்ட சிற்றூரைப் பாடியது 1770-இல். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் தம் பாடற்றொகுதியை வெளியிட்டது 1798-இல். பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு உழவர் வெளியேற்றப்பட்ட காலம் அது. 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாயினர். அந்நாட்டுக் கவிஞரின் ஏக்கத்திற்கு அந்நாட்டு வரலாற்றில் வேர் உண்டு. அவ்வேக்கத்தையும் ஐயுற்று நோக்கினார் ரேமண்ட் வில்லியம்ஸ். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சற்று முன்னரே நல்ல சிற்றூர் மறைந்தது என்று கூறிவந்துள்ளமையை அவர் 1973-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அந்த ஏக்கத்தைக் கொணர்ந்து மருதத்தின்மேலும் முல்லையின்மேலும் ஏற்றுதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு?

உருத்திரங்கண்ணனாரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில் பாணன் காஞ்சிக்குச் செல்லும் வழி சிற்றூர்களின் வழி. எயினர் புல்லரிசிச் சோறும், கோவலர் பாலொடு தினைச்சோறும், உழவர் கோழியொடு வெண்ணெற்சோறும் இடுகின்றனர். எயிற்றியர் எறும்புப் புற்றைக் கிளறி அப்புல்லரிசியைச் சேர்க்கும் வறுமையைப் புலவர் மறைத்தாரல்லர். அதனை அழகென்றும் புனைந்தாரல்லர். வந்தவனுக்கு அவர் சோறிட்டனர் என்பதே அவர்க்குச் செய்தி.

இது சொற்பூசல் அன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படித் தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 48 பேர்க்கு மேல் நகர்ப்புறத்தார். எம் முதுகலை வகுப்பில் அமர்வோருள் பலர் சிற்றூரை விட்டு வந்தவர். சிலர் வேண்டுமென்றே விட்டு வந்தவர். 4-11-1948 அன்று அரசியல் நிருணய சபையில் சிற்றூரைக் கடிந்து அம்பேத்கர் ஆற்றிய உரையின் பொருளை நூலிற் படிக்குமுன்னரே தம் தெருவிற் கற்றவர் அவருள் உளர். அவர்முன் நின்று, தமிழ் உள்ளம் சிற்றூர் உள்ளமே என்று பாடம் சொல்லுதல், அவரைத் தமிழுக்கே புறத்தாராக்குதலாகும். நகரமே நாகரிகம் என்பதோ அவர்தம் பெற்றோரை இகழ்வதாகும். நூல் கூறாத ஒன்றின்பொருட்டு இவ்விரண்டையும் செய்து வருகின்றோம்.

எவ்விடம் வாழ்தற்கு இனிது என்னும் வினாவிற்கு நேர்விடைபோல் அமைந்த செய்யுள் ஒன்றுண்டு, புறநானூறு 191. யாண்டு பலவாகியும் நரை இல்லாமைக்குக் காரணம் வினவியோர்க்குப் பிசிராந்தையார் கூறியது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீங்கு செய்யாத வேந்தன் என அடுக்கி, இவற்றின் மேலாகத் தாம் வாழும் ஊரில் அடங்கிய சான்றோர் பலர் உளர் என்கின்றார். பிசிரின் வயலைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அத்தகைய ஊரையும் அவர் ஒருநாள் விட்டு நீங்கினார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது அவனுடன் உயிர்விடுதற்கு உறையூர் நாட்டிற்குச் சென்றார். நரையை வரவொட்டாத ஊரினும் நண்பனின் பக்கத்திடம் அவர்க்குப் பெரிதாயிற்று.

பட்டினப்பாலையை யாம் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, தலைவன் வாழ்வது புகாரிலா, வேறொரு சிற்றூரிலா என்று வினவினாள். பட்டினத்தைப் பெறுதல் பற்றிப் பேசுதலின் அவன் அங்கு வாழ்பவன் அல்லன் என்று விடையிறுத்தோம். அவள் அமைதியுறாது, அவ்வாறாயின் தலைவியின் வீடு எங்குள்ளது என்றாள். அன்று மாலை பாட்டை மீண்டும் முழுவதும் படித்தோம். 301 அடிகளுள் ஓரிடத்தும் உருத்திரங்கண்ணனார் அதனைக் கூறவில்லை.