மாயவித்தை அரங்கும் பார்வையாளர் உணர்வும்

மாயவித்தையைப் பற்றி எழுதுவோர் அதனைக் கைத்திறனாகவோ பொறிநுட்பமாகவோ நோக்குவதே பெருவழக்கு. இரகசியம் எத்துணை நுட்பமானதோ அத்துணைக்குப் பார்வையாளர் அதன் வயப்படுவர் என்பது இந்நோக்கின் அடிப்படை எடுகோளாகும். இது வியப்பை விளக்கலாம், ஈடுபாட்டை விளக்காது. கண்ணெதிரே நிகழ்வது ஏமாற்று என்பதை நன்கறிந்த மக்கள், அதன் முடிவுக்காக நெஞ்சு பதைக்கக் காத்திருப்பது ஏன்? விடையை மன்றத்தில் அமர்ந்திருந்தோரின் வாழ்நிலையிலே தேடவேண்டும் என்பது எமது கருத்து.

ஒரே கருவி இருவேறு உணர்வுகளை எழுப்பியமைக்கு ரொபேர் ஊடன் சிறந்த சான்றாவார். 1845 இல் பரிஸ் நகரில் தமது அரங்கைத் தொடங்கிய அவர், மின்காந்தத்தால் மேடையோடு பிணைக்கப்படும் சிறு பெட்டியொன்றைக் காட்டினார். பரிஸ் நகரத்து வசதி படைத்தோருக்கு அது பெட்டியின் பாரம் மாறும் விந்தை. விஞ்ஞான யுகத்தின் விளையாட்டு. 1856 இல் பிரெஞ்சு ஆட்சியாளரின் வேண்டுகோளின்படி அவர் அல்ஜீரியா சென்றார். மரபூத்துகள் எனப்பட்ட சமயப் பெரியார்களின் செல்வாக்கைக் குலைப்பதே பயணத்தின் நோக்கம். அங்கே பெட்டி பாரமாகவில்லை. அதனைத் தூக்க வந்த மனிதனின் பலமே பறிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கைப்பிடியூடாக மின்னதிர்ச்சியும் பாய்ச்சப்பட்டது. இதனை நாம் அறிவது பெரிதும் அவருடைய நினைவுநூல் வாயிலாகவே. ஆதலின் அவர் உரிமைகோரும் வெற்றியை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஆயின் நோக்கம் ஐயத்துக்கிடமற்றது. பரிசில் வேடிக்கையாயிருந்த பெட்டி, குடியேற்ற நாட்டில் அச்சமாயிற்று. மாறியது பொறியன்று, மேடைக்கும் மன்றத்துக்குமிடையிலான அதிகார உறவு.

ஹரி ஹூடினியிடம் இவ்வுறவு தலைகீழாகின்றது. 1874 இல் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்து, அமெரிக்காவிற் குடியேறி, இளமையில் நியூயோர்க்கின் கழுத்துப்பட்டித் தொழிற்சாலையொன்றிற் கூலிக்குழைத்தவர் அவர். அவருடைய அரங்கில் வித்தைக்காரன் ஆற்றலின் உறைவிடமல்லன், கட்டுண்டவன். கைவிலங்கு, சங்கிலி, சிறைக்கூடம் ஆகிய அரச அதிகாரத்தின் சாதனங்களே அவருடைய எதிராளிகள். 1904 மார்ச் 17 இல் லண்டன் ஹிப்பொட்ரோம் அரங்கிலே, பத்திரிகையொன்று சவாலாகக் கொணர்ந்த விலங்கை அகற்ற அவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. மேலங்கியைக் கழற்றுதற்காக விலங்கைச் சற்றுத் திறக்குமாறு அவர் கேட்க, அது மறுக்கப்பட்டது. பேனாக்கத்தியைப் பல்லிற் கௌவி அங்கியையே கிழித்தெறிந்தார். சவால் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டதெனக் கருதுவோர் உளர். அவ்வாறாயினும் எமது வாதம் வலுவிழக்காது. மன்றம் ஆரவாரித்தது பூட்டின் நுட்பத்துக்காகவன்று. மறுக்கப்பட்ட ஒருவன் பணியாமைக்காகவே.

1908 இல் அவர் அறிமுகப்படுத்திய நீர் நிறைந்த பாற்கலத்தினின்று தப்பும் வித்தையில், தம்மோடு மூச்சை அடக்கிப் பார்க்குமாறு பார்வையாளரை வேண்டினார். அவர்கள் ஒவ்வொருவராய்த் தோற்றனர். அவரோ இன்னும் உள்ளேயே இருந்தார். இங்கு உணர்வு சொல்லால் ஊட்டப்படவில்லை. பார்வையாளரின் உடலே சாட்சியாக்கப்பட்டது.

எனினும் இக்கலையின் வரையறையையும் நாம் மறத்தலாகாது. விடுதலை பெற்றவன் ஒருவனே. மன்றத்தோர் மறுநாட் காலை தத்தம் தொழிற்சாலைக்கே திரும்பினர். கூட்டு விடுதலைக்கான வேட்கை தனிமனித வீரமாகச் சுருக்கப்பட்டு, நுழைவுச்சீட்டாக விற்கப்பட்டது. முதலாளித்துவக் களியாட்டத்தின் இயல்பு இதுவாகும்.

ஆயின் ஏமாற்று அனைத்தும் ஒன்றல்ல. முதலாம் உலகப் போரில் மைந்தரை இழந்தோரின் துயரைப் பயன்படுத்தி, இறந்தோரோடு பேசுவதாகப் பணம் பறித்தோரை ஹூடினி 1920களில் அம்பலப்படுத்தினார்; 1926 இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னும் சாட்சியமளித்தார். தன்னைப் பொய்யெனக் கூறிக்கொண்டே மனத்தைத் தொடுவது கலை. மெய்யெனக் கூறித் துயரை விலைபேசுவது சுரண்டல். பார்வையாளரின் உணர்வைப் பெறுவது எவ்வாறு என்ற வினாவோடு, பெற்ற உணர்வு யாருக்குப் பணிசெய்கின்றது என்ற வினாவையும் எழுப்பாத விமர்சனம், மேடையின் திரையை விலக்காமலே அதன் வண்ணத்தை வருணிப்பதாகவே முடியும்.