பையில் எழுதியிருக்கும் 15.6

லேப்டாப் பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தேடினால் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஸ்டைலில்தான் ஆரம்பிக்கின்றன. மீட்டிங்குக்கு லெதர், காலேஜுக்கு பேக்பேக், ரெண்டுக்கும் நடுவில் தோளில் குறுக்கே மாட்டுற பை. கடைசியில், உங்க லேப்டாப்பின் இன்ச் அளவைப் பார்த்து வாங்குங்கள் என்று ஒரே ஒரு வரி. என் தகராறு அந்த வரியோடுதான்.

இன்ச் என்பது திரையின் மூலைவிட்டம். லேப்டாப்பின் அளவு இல்லை. 15.6 இன்ச் திரை 16:9 விகிதத்தில் இருந்தால் அகலம் 13.6 இன்ச், உயரம் 7.65 இன்ச். ஸ்கூலில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். இப்போது நிறைய வரும் 16:10 விகிதத்தில் 16 இன்ச் திரை என்றால் அகலம் 13.57, உயரம் 8.48. அதாவது அகலம் கிட்டத்தட்ட அதேதான், உயரம் மட்டும் ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல கூடுது. பையில் போட்டால் உள்ளே போயிடும், ஜிப் மூடாது! இதோடு திரையைச் சுற்றியுள்ள சட்டம், தடிமன் எல்லாம் மாடலுக்கு மாடல் வேற. அதனால் டேப் எடுத்து லேப்டாப்பையே அளந்து, பையின் உள்அறை அளவோடு ஒப்பிடணும். விற்பவர்கள் பல நேரம் வெளி அளவை மட்டும்தான் போடுகிறார்கள்.

அடுத்த பந்தா, டினியர். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டினியர். 1680 என்றால் நூல் தடிமன், அவ்வளவுதான். மழைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. தண்ணீரைத் தடுப்பது துணியின் உட்பக்கம் உள்ள பூச்சு. அந்த பாலியூரித்தேன் பூச்சும் ஈரக்காற்றில் நாளாக ஆக பிசுபிசுத்து உரியும். சென்னையில் பழைய பை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பூச்சு நன்றாக இருந்தாலும் தையல் துளையிலும் ஜிப்பிலும் தண்ணீர் இறங்கும். நவம்பர் மழையில் பைக்கில் வேளச்சேரியைத் தாண்டிப் போகிறவருக்கு 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' லேபிள் உதவாது, தனியாக மழை உறை வேணும்.

இந்தக் கட்டுரைகள் தொடாத இன்னொன்று டிபன் பாக்ஸ். லேப்டாப்பும் சாம்பார் சாதமும் ஒரே பையில் போவதுதான் நம்ம ஊர் நிஜம். நிமிர்ந்து நிற்கிற தனி அறை இல்லாத பை, எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபீஸுக்கு ஆகாது. தண்ணீர் பாட்டிலுக்கு இடம் வெளியில்தான் இருக்கணும்.

கடைக்கு லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு போங்க. உள்ளே வைத்து, பையின் அடியை வெளியிலிருந்து அழுத்திப் பாருங்க. முதுகுப்பக்கமும் பக்கவாட்டிலும் ஸ்பாஞ்ச் வைத்துவிட்டு அடியில் வெறும் துணியோடு விடுகிற பைகள் நிறைய. பையைத் தரையில் தொப்புனு வைக்கும்போது அடி வாங்குவது கீழ் மூலைதான். லேப்டாப் அறை தரையிலிருந்து ஒரு இன்ச்சாவது மேலே தொங்கினால் நல்ல பை. பிறகு தோள்வார் பையோடு சேரும் இடத்தில் தையல் பெட்டி போட்டுக் குறுக்கே ஓடுதா பாருங்க. சாப்பாடு, சார்ஜர் எல்லாம் சேர்த்து நாலு கிலோ அந்த இடத்தில்தான் தொங்கும்.

லெதர் பை பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம், காரில் போகிறவராக இருந்தால். எலக்ட்ரிக் டிரெயினில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு பேக்பேக்தான், அதையும் முன்பக்கம் மாட்டிக்கொண்டு.