பாட்டைக் கட்டுவது யார்?

கொர்னேலியா ஃபுங்கேயின் ஜெர்மன் நாவல் ‘டின்டன்ப்ளூட்’ (2005), ‘டின்டன்ஹெர்ட்ஸ்’ (2003) கதையின் தொடர்ச்சி. மெகி என்கிற சிறுமி உரக்க வாசித்தே ஒரு புத்தகத்துக்குள் போய்விடுகிறாள். அதை எழுதின கிழவன் ஃபெனோக்லியோவும் அங்கேதான் குடியிருக்கிறான். செத்த இளவரசனுக்குப் பதிலாக இன்னொருத்தனை எழுதி உண்டாக்குகிறான். அவன் பின்னால் சண்டைக்குப் போன சனம் சாகிறது. எழுதுகிறவனின் இந்தத் திமிரை ஃபுங்கே நன்றாகவே பிடித்திருக்கிறார்.

ஆனா பாருங்க, ஊர் ஊராய்த் திரிகிற கூத்தாடிகள்தான் சிறைக்குப் போகிறவர்கள். அவர்கள் வாயில் வருகிற பாட்டு ஃபெனோக்லியோ எழுதினது. கறுப்பு இளவரசன் என்று அவர்களுக்கே ஒரு தலைவன் இருக்கிறான். பாட்டின் நாயகனுக்கோ மெகியின் அப்பா மோவின் முகம்! வெளியிலிருந்து வந்து சேர்கிற, புத்தகம் கட்டுகிற ஆள் அவர். ஏன், அந்தச் சனத்துக்குத் தன் பாட்டைத் தானே கட்டத் தெரியாதா?