பிரபஞ்சம் பெரிசுதான், அதுக்கென்ன இப்போ? – டக்ளஸ் ஆடம்ஸ் பற்றி ஒரு குறிப்பு

டக்ளஸ் ஆடம்ஸின் 'ஹிச்ஹைக்கர்ஸ் கைடு' வரிசையில் மொத்தம் 5 நாவல்கள். முதலாவது 1979-இல் வந்தது, கடைசி 1992-இல். இதைப் படித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு 42-இல் ஆரம்பித்து, துண்டு, சோக ரோபோ மார்வின் என்று சுற்றிவிட்டு நின்றுவிடும். எல்லாம் நல்ல ஜோக்குகள்தான். ஆனால் ஜோக் ஒருமுறை தெரிந்துவிட்டால் தீர்ந்துபோகிற சரக்கு. இந்தப் புத்தகங்கள் அப்படித் தீர்ந்துபோகவில்லை. என்ன வரப்போகிறது என்று முழுசாகத் தெரிந்துகொண்டே திரும்பப் படிக்கிறோம். அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒரு வழக்கமான பதிலைத் தள்ளிவிடலாம். கதைக்காகப் படிக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது, ஏன்னா கதைன்னு பெரிசா ஒண்ணும் கிடையாது. இது முதலில் வானொலி நாடகம். பிபிசி ரேடியோ 4-இல் 1978 மார்ச் 8 அன்று ஆரம்பித்தது. ஆடம்ஸ் அதை அந்தந்த வாரத்துக்கு அந்தந்த வாரம் என்கிற மாதிரி, அடுத்து என்ன என்று தெரியாமலே எழுதினார். ஆர்தரையும் ஃபோர்டையும் கப்பலிலிருந்து வெட்டவெளியில் தூக்கிப்போட்டாச்சு. இனி யார் வந்து காப்பாற்றினாலும் நம்ப முடியாத தற்செயலாக இருக்கும். சரி, நம்ப முடியாத தற்செயலில் ஓடுகிற எஞ்சினையே கண்டுபிடித்துவிடுவோம் என்று முடிவு செய்தார். கதாசிரியரின் இக்கட்டு அப்படியே விண்கலத்தின் எரிபொருள் ஆகிவிட்டது. கதைக் கட்டுக்கோப்பை இதற்கு மேல் இந்தத் தொடரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது பதில், கொஞ்சம் பலமானது: அந்தக் 'கைடு' பேசுகிற குரல். எதையும் ஒரே சுருதியில், பதறாமல், கொஞ்சம் அசட்டையாகச் சொல்லும் கலைக்களஞ்சியக் குரல் அது. பூமியைப் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு சொல். ஃபோர்ட் 15 வருஷம் இங்கே தங்கி ஆராய்ச்சி செய்து எழுதி அனுப்பினான். பதிப்பாசிரியர்கள் வெட்டியது போக மிஞ்சியது இரண்டு சொல். இந்தக் குரலைப் பலர் நகல் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நகல்களில் கேலி வந்துவிடுகிறது, மற்றது வருவதில்லை. அந்த 'மற்றது' என்ன என்பதைத்தான் இங்கே பிடிக்கப் பார்க்கிறேன்.

முதல் நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். ஆர்தரின் வீட்டைப் புறவழிச்சாலைக்காக இடிக்கப் போகிறார்கள். திட்டம் முறைப்படி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்ததாம், ஆனால் வைத்த இடமோ விளக்கில்லாத ஒரு நிலவறை. கொஞ்ச நேரத்தில் வோகன்கள் வந்து பூமியையே விண்வெளிச் சாலைக்காக இடிக்கிறார்கள். அந்தத் திட்டமும் முறைப்படி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது, 50 வருஷமாக, ஆல்ஃபா சென்டாரியில். இரண்டும் ஒரே ஜோக், அளவுதான் வேறு. ஆடம்ஸ் அதிகாரிகளைக் கிண்டல் செய்கிறார் என்று நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அவர் கை வைப்பது அளவு என்கிற விஷயத்தில். ஒரு வீடு போனால் நமக்கு வலிக்கும், ஒரு கிரகம் போனால் என்ன செய்யும்?

அதற்கு அவர் பதிலும் எழுதியிருக்கிறார். பூமி போனபிறகு ஆர்தர் அதை உணரப் பார்க்கிற ஒரு பத்தி வரும். பெற்றோர், அக்கா தங்கை என்று நினைத்துப் பார்க்கிறான், மனசில் ஒன்றும் ஏறவில்லை. அமெரிக்கா இல்லை என்று நினைக்கிறான், பிடிபடவில்லை. நியூயார்க் இல்லை, அதற்கும் சலனமில்லை. ஹம்ஃப்ரி போகார்ட் படங்கள் எல்லாம் அழிந்தன என்கிறபோது பலமாக அடிக்கிறது. கடைசியில் மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் என்று ஒன்று இனி கிடையாது என்று தோன்றியதும் ஆள் மயக்கமாகிவிடுகிறான். விழிக்கும்போது அம்மாவை நினைத்து அழுதுகொண்டிருக்கிறான்.

சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் துக்கம் பற்றி எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான கவனிப்புகளில் இது ஒன்று. பெரிய இழப்பு பெரிய வாசல் வழியாக வருவதில்லை. இறந்தவரின் மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை என்று ஏதோ ஒரு அற்பப் பொருள் வழியாகத்தான் உள்ளே நுழையும். அம்மாவிடம் போய்ச்சேர ஆர்தருக்கு ஹாம்பர்கர் வழி தேவைப்பட்டது.

இதைப் பிடித்துக்கொண்டு மற்ற நாவல்களுக்குப் போனால், திரும்பத் திரும்ப இதே கேள்விதான் வருகிறது. இரண்டாவது நாவலில் ஒரு தண்டனை இயந்திரம் உண்டு. முழுப் பிரபஞ்சத்தையும், அதற்குள் நீ இருக்கிற புள்ளியையும் ஒரே நொடியில் காட்டிவிடும், பார்த்தவன் மூளை கருகிவிடும். அதைச் செய்தவன் அதை முதலில் மாட்டியது தன் பெண்டாட்டிக்கு. எதிலும் ஒரு அளவு வேண்டாமா என்று அவள் நச்சரித்தாளாம். மூன்றாவது நாவலில் கிரிக்கிட் கிரகத்து மக்கள். சுற்றிலும் தூசிப்படலம், நட்சத்திரத்தையே பார்த்ததில்லை. பழக இனிமையானவர்கள், அன்பைப் பற்றிப் பாட்டெல்லாம் பாடுவார்கள். ஒருநாள் படலத்தைத் தாண்டிப் போய் வானத்தைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் எடுக்கிற முடிவு: இதெல்லாம் இருக்கக் கூடாது, அழிச்சுடணும்.

ஆக, பெரிசைப் பார்த்துவிட்டால் ஒன்று செத்துப்போகலாம், இல்லை கொல்லக் கிளம்பலாம். மூன்றாவது வழி ஆர்தருடையது: ஒரு நல்ல டீ கிடைக்குமா என்று தேடுவது. ஆர்தரை அசடு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ இந்தத் தொடரில் புத்தி பிசகாமல் தப்பிக்கிற ஒரே ஆள் அவன்தான் என்று படுகிறது.

42-ஐயும் இங்கேதான் வைக்கணும். 75 லட்சம் வருஷம் கணக்குப் போட்டு வந்த விடை அது. அந்த எண்ணுக்குள் ரகசியம் தேடி எத்தனையோ விளக்கங்கள் வந்தன. ஆடம்ஸ், ஜோக்குக்காக எடுத்த சாதாரண எண் என்று சொல்லிவிட்டார். விடை வந்தும் கேள்வி தெரியவில்லை என்பதுதான் விஷயம். கேள்வியைக் கண்டுபிடிக்கக் கட்டிய இன்னொரு கணினிதான் பூமி. அது ஒரு கோடி வருஷம் ஓடி, முடிய 5 நிமிஷம் இருக்கும்போது சாலை போட வந்துவிட்டார்கள். பெரிய அர்த்தம் எதுவும் இந்தத் தொடரில் யார் கைக்கும் வந்து சேர்வதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. டிரில்லியன் வானியற்பியல் படித்தவள். ஆனால் நாவல்களில் பாதி இடங்களில் அவளுக்கு வேலையே இல்லை. நாலாவதில் ஃபென்சர்ச் என்று ஒரு காதலியைக் கொண்டுவந்து, ஐந்தாவதில் ஒரு விண்பயணத்தின் நடுவே காணாமல் போகவைத்துவிடுகிறார். மூன்றாவது, 'டாக்டர் ஹூ' தொடருக்காக யோசித்து வைத்திருந்த கதை, ஒட்டுப்போட்டது தெரிகிறது. ஐந்தாவதின் இருட்டு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அது வறண்ட புத்தகம் என்று ஆடம்ஸே பிறகு சொன்னார், இன்னொன்று எழுதிச் சரிசெய்ய ஆசைப்பட்டார். எழுதாமலே 2001 மே 11 அன்று, 49 வயதில் போய்விட்டார்.

ஆனாலும் அந்த ஐந்தாவதில்தான் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இருக்கிறது. ஆர்தர் ஏதோ ஒரு மூலைக் கிரகத்தில் மாட்டிக்கொள்கிறான். உயர்ந்த நாகரிகத்திலிருந்து வந்தவன்தான், ஆனால் ஒரு இயந்திரத்தைக்கூட அவனால் செய்துகாட்ட முடியாது. தெரிந்தது சாண்ட்விச் போடுவது மட்டும். ஊரில் அவன் சாண்ட்விச்காரன் ஆகிவிடுகிறான். ரொட்டியின் பதம், கத்தியின் எடை, இறைச்சியை எந்தத் தடிமனில் வெட்டுவது என்று ஆடம்ஸ் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அங்கே கேலி ரொம்பக் குறைவு. வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருவன் மேல் இருக்கிற மரியாதைதான் தெரிகிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் இரண்டையும் சேர்த்துப் படிங்க. மூன்றாவதில் கிரிக்கிட் பகுதியை விட்டுடாதீங்க. ஐந்தாவதுக்குப் போனால் சாண்ட்விச் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை.